சாகாப் புகழ்பெற்ற சாகா

சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சிறுவனுக்கும், கதிரவனின் ஒளியைப் பகுத்தாராயும் அறிஞனுக்கும் இடையே ஏதேனும் தொடர்பு உண்டா? உண்டு. இருவரும் கையாள்வது ஒரே விதியைத்தான். ஒரு வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் வரும் தொகை, அதிலுள்ள மோல்களின் எண்ணிக்கை, வாயு மாறிலி, தனிவெப்பநிலை ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் தொகைக்குச் சமம். இதுவே இலட்சிய வாயுச் சமன்பாடு. நம்மில் பெரும்பாலோர் இதைத் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறோம். ஆனால் இந்த ஒற்றை வரியை ஏணியாகக் கொண்டு விண்மீன்வரை ஏறிச் சென்ற இந்தியர் ஒருவர் இருந்தார். சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரின் மகனான அவர் பெயர் மேகநாத சாகா.

அவருடைய வரலாற்றை நான் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. நான் கம்பைநல்லூரைச் சேர்ந்தவன். எங்கள் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளையைக் கடையிலோ கழனியிலோ நிறுத்திக்கொள்வதா, பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு அனுப்புவதா, மேலே படிக்க வைப்பதா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. என் வீட்டிலும் எழுந்தது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கு வங்காளத்துச் சிற்றூர் ஒன்றிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையை நாம் அறிந்துகொள்வது நல்லது.

பிறப்பும் இளமையும்

டாக்கா நகருக்கு அண்மையில் சியோராதலி என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்று அது வங்காள தேசத்தில் உள்ளது. அவ்வூரில் 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் சாகா பிறந்தார். தந்தை சகந்நாத சாகா. தாய் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளுள் இவர் ஐந்தாமவர். இடியும் மழையுமாக இருந்த இரவில் பிறந்தமையால் மேகத்தின் பெயர் சூட்டப்பட்டதாகச் சொல்வர். இராவணன் மைந்தனாகிய இந்திரசித்துக்கும் மேகநாதன் என்பதே பெயர் என்பதை நாம் அறிவோம்.

தந்தையார் நடத்தியது சிறிய மளிகைக் கடை. எட்டுக் குழந்தைகளை வளர்க்க அதன் வருவாய் போதவில்லை. ஆகவே தொடக்கப் பள்ளி முடிந்ததும் மேகநாதனைக் கடையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதே தந்தையின் எண்ணம். எழுதப் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்துவிட்டது. கடைக்காரன் மகனுக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த நிலைப் பள்ளியோ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. அங்கே தங்கிப் படிக்கப் பணம் ஏது?

அப்போது இருவர் கை கொடுத்தனர். ஒருவர் மூத்த அண்ணன் செயநாதர். சணல் ஆலையில் பெற்ற சொற்ப ஊதியத்திலிருந்து திங்கள்தோறும் ஐந்து ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். மற்றொருவர் சிமுலியாவில் வாழ்ந்த மருத்துவர் அனந்தகுமார் தாசு. அவர் சிறுவனுக்குத் தம் வீட்டில் உணவும் இடமும் தந்தார். உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவையே அங்கே நிபந்தனைகள். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டுப் பாடம் படித்த அந்தச் சிறுவன், நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வனாகத் தேறினான். திங்களுக்கு நான்கு ரூபாய் உதவித்தொகையும் பெற்றான்.

இழந்ததும் பெற்றதும்

1905ஆம் ஆண்டு டாக்காவின் அரசுப் பள்ளியில் சேர்ந்தார் சாகா. அதே ஆண்டில்தான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கனல் மூண்டது. ஆளுநர் புல்லர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர் சிலர் அவ்வருகையைப் புறக்கணித்தனர். அவர்களுள் சாகாவும் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. அந்த நான்கு ரூபாய் அவருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அன்றைய இழப்பின் அளவு நமக்குப் புலப்படும். தனியார் பள்ளியாகிய கிசோரிலால் சூபிலிப் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வு எழுதிய கிழக்கு வங்க மாணவர்களுள் அவரே முதலிடம் பெற்றார்.

டாக்கா கல்லூரியில் இடைநிலை வகுப்பு. பின்னர் 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரி. அங்கே பிரபுல்ல சந்திர ராயும் சகதீச சந்திர போசும் ஆசிரியர்கள். உடன் படித்தவர்களுள் ஒருவர் சத்தியேந்திரநாத போசு. பின்னாளில் ஐன்ஸ்டைனின் பெயரோடு இணைத்துப் பேசப்பட்டவர் இவரே. இளங்கலையிலும் முதுகலையிலும் போசு முதலிடம், சாகா இரண்டாமிடம். இப்படிப்பட்ட இரண்டாமிடத்தை யார்தான் குறைவென்பர்!

ஆயினும் அறிவு மதிக்கப்பட்ட அதே நகரில் பிறப்பு இழிவாகப் பேசப்பட்டது. தாழ்ந்த சாதியினர் என்று கருதப்பட்ட குடியில் பிறந்தவர் என்பதால், விடுதியில் மேல்சாதி மாணவர் சிலர் இவருடன் ஒரே கூடத்தில் உணவருந்த மறுத்தனர். கலைமகள் பூசையிலும் இவரை ஒதுக்கினர். கல்விக் கடவுளின் பூசையில் கல்வியிற் சிறந்தவனுக்கு இடமில்லை! சாகா அவ்விடுதியை விட்டு வெளியேறினார். அந்தக் காயம் அவர் நெஞ்சில் இறுதிவரை இருந்தது என்றே அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அதனால்தான் போலும், அவர் பிற்காலத்தில் சாதிப் பிரிவினையைக் கடுமையாகச் சாடினார்.

படிப்பு முடிந்ததும் அரசின் நிதித்துறைப் பணிக்கான தேர்வை எழுத விரும்பினார். விடுதலை வீரர்களுடன் பழகியவர் என்ற ஐயத்தால் அதற்கு இசைவு கிடைக்கவில்லை. தம்பியின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். 1916இல் அசுதோசு முகர்சி தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிட்டியது. அரசு இழந்த அலுவலரை அறிவியல் பெற்றது.

விதிக்கு ஒரு திருத்தம்

கணிதம் படித்தவர் இயற்பியல் கற்பிக்க நேர்ந்தது. வெப்ப இயக்கவியலையும் நிறமாலையியலையும் அவர் எந்த வகுப்பிலும் முறையாகப் பயின்றதில்லை. தாமே படித்துக்கொண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தினார். கல்லூரி நாளில் கற்றுக்கொண்ட செருமன் மொழி இப்போது கைகொடுத்தது. போசும் சாகாவும் சேர்ந்து ஐன்ஸ்டைன், மின்கோவுசுகி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளைச் செருமனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தனர்.

நண்பர் இருவரும் இணைந்து செய்த முதல் ஆராய்ச்சி வாயுவின் அழுத்தம் பற்றியது, 1918இல் வெளியாயிற்று. அதன் சிறப்பை உணர முதலில் சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம்.

காலையில் 27 பாகை வெப்பத்தில், அதாவது 300 கெல்வினில், சைக்கிள் குழாயினுள் முழு அழுத்தம் 4 வளிமண்டலம் என்று கொள்வோம். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நின்று குழாய் 57 பாகைக்குச் சூடேறினால் 330 கெல்வின். பருமன் மாறவில்லையெனில் அழுத்தம் 4.4 வளிமண்டலம் ஆகும். விதி சரியாகவே வேலை செய்கிறது. உச்சி வெயிலில் பழைய குழாய்கள் வெடிப்பதன் காரணமும் விளங்குகிறது.

இப்போது நம் சமையலறை எரிவாயு உருளைக்கு வருவோம். அதில் 14.2 கிலோ எரிவாயு. உருளையின் கொள்ளளவு 33.3 லிட்டர். மூலக்கூறு எடை சராசரியாக 50 என்று வைத்தால் 284 மோல். இதை 8.314 என்ற வாயு மாறிலியாலும் 300 கெல்வினாலும் பெருக்கி, 0.0333 கன மீட்டரால் வகுத்தால், அழுத்தம் ஏறத்தாழ 210 வளிமண்டலம் என்று விடை வருகிறது. உண்மையில் அந்த வெப்பநிலையில் உருளையினுள் அழுத்தம் பத்து வளிமண்டலத்தைத் தாண்டுவதில்லை. கணக்கில் பிழையில்லை. விதிதான் இங்கே பொருந்தவில்லை. மூலக்கூறுகளுக்கு உருவமே இல்லை, அவை ஒன்றையொன்று ஈர்ப்பதே இல்லை என்று இலட்சிய வாயு விதி கொள்கிறது. உருளையிலோ அவை நெருக்குண்டு, ஈர்ப்புண்டு, பெரும்பகுதி நீர்மமாகவே கிடக்கின்றன.

இக்குறையை நீக்க 1873இல் ஆலந்து நாட்டு வாண்டர்வால்சு இரு திருத்தங்களைச் சொன்னார். மூலக்கூறின் உருவத்தால் நேரும் திருத்தத்தை வேறொரு வழியில் கண்டனர் சாகாவும் போசும். பெட்டி ஒன்றினுள் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக இடுவதாக அவர்கள் எண்ணிக்கொண்டனர். முதலாவதற்குப் பெட்டி முழுதும் இடம். இரண்டாவதற்கு முதலாவது அடைத்தது போக எஞ்சிய இடம். இப்படியே கடைசி மூலக்கூறு வரை. மொரப்பூரில் பேருந்து ஏறுபவனுக்கும் வழியில் ஏறுபவனுக்கும் கிடைக்கும் இடத்தை ஒப்பிட்டால் நமக்கு இது எளிதில் புரியும்! அவ்வாறு அமையக்கூடிய வழிகளை எண்ணி, போல்ட்சுமானின் நெறிப்படி அழுத்தத்தை வருவித்தனர். பருமன் பெரிதாகும்போது அச்சமன்பாடு பழைய இலட்சிய வாயு விதியாகவே மாறிவிடுகிறது. அன்று இருவருக்கும் அகவை இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

கதிரவனின் புதிர்

இதே காலத்தில் சாகாவுக்கு ஓர் ஏமாற்றமும் நேர்ந்தது. ஒளியின் அழுத்தம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்க வானியல் இதழுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்கவேண்டும் என்றனர். அவரால் இயலவில்லை, கட்டுரை முழுமையாக வெளிவரவில்லை. பணமில்லாமையால் ஒரு கருத்து இருளில் தங்கிய கொடுமையை என்னென்பது! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த கருத்து அதனினும் பெரிதாக இருந்தது.

கதிரவனின் மேலடுக்கான நிறமண்டலத்தில் ஒரு புதிர் இருந்தது. அதன் உயர்ந்த பகுதிகளில் சாதாரணக் கால்சியத்தின் கோடுகளை விட, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகளே வலிமையாகத் தெரிந்தன. எலக்ட்ரானைப் பிரிக்க மிகுந்த வெப்பம் வேண்டும். மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும் என்றே அன்று கருதினர். அப்படியானால் மேலே இருக்கும் கால்சியம் மட்டும் எலக்ட்ரானை இழந்தது எவ்வாறு?

சாகா சொன்ன விடையில் வெப்பத்தோடு அழுத்தமும் வந்தது. கால்சிய அணு பிரிந்து அயனியும் எலக்ட்ரானும் ஆவதை ஒரு வேதி வினையைப் போலவே கருதலாம் என்றார் அவர். பிரிந்த எலக்ட்ரான்களும் தனியொரு வாயு. அவற்றுக்கும் இலட்சிய வாயு விதி பொருந்தும். ஒன்று இரண்டாகும்போது துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது. 22.4 லிட்டரில் ஒரு மோல் வாயுவை 6000 கெல்வினுக்குச் சூடாக்கினால் அழுத்தம் 22 வளிமண்டலம். அணுக்களில் பாதி அயனியானால் துகள்கள் ஒன்றரை மடங்காகும். அழுத்தமும் 33 ஆகும். இடம் நெருக்கமாக இருந்தால், பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அயனியோடு மோதிச் சேர்ந்துவிடும். அழுத்தம் குறைந்த மேலடுக்கிலோ பிரிந்தது பிரிந்ததாகவே அலையும். ஆகவே வெப்பம் கூடவில்லையெனினும், அழுத்தம் குறைவதாலேயே அங்கே அயனிகள் மிகும். 

நிறமண்டலத்தில் மேலே செல்லச் செல்ல வெப்பநிலையும் உயர்கிறது என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் வெப்பநிலை, அழுத்தம், அயனியாக்கம் மூன்றையும் பிணைத்த சாகாவின் சமன்பாடு அசையாமல் நிற்கிறது. கல்கத்தாவில் எழுதப்பட்ட அக்கட்டுரை 1920இல் இலண்டன் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டே உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற சாகா, பௌலரின் ஆய்வுக்கூடத்தில் ஐந்து திங்கள் தங்கினார். விண்மீன்களின் நிறமாலை வகைகள் பெரும்பாலும் அவற்றின் வெப்பநிலை வரிசையே என்று 1921இல் நிறுவினார். கதிரவனின் வெப்பத்தில் ரூபிடியம் அயனியாகிவிடுவதால்தான் அதன் கோடு காணப்படவில்லை, வெப்பம் குறைந்த கரும்புள்ளிகளில் தேடினால் கிடைக்கும் என்றும் கூறினார். அமெரிக்க வானியலறிஞர் ரசல் தேடினார், கிடைத்தது!

சாகாவின் வழியைப் பின்பற்றி 1923இல் பௌலர் என்னும் பெயருடைய வேறொருவரும் மில்னும், விண்மீன்களில் நிறமாலைக் கோடுகள் எழும் அடுக்கின் அழுத்தத்தைக் கணக்கிட்டனர். அது ஒரு வளிமண்டலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே என்று கண்டனர். எந்த அழுத்தமானியும் சென்று சேர முடியாத இடத்தின் வாயு அழுத்தத்தை மனிதன் அளந்துவிட்டான்! 1925இல் செசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் அதே சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களில் ஐதரசனும் ஈலியமுமே மிகுதி என்று கண்டுபிடித்தார். முதலில் நம்ப மறுத்த ரசலும் சில ஆண்டுகளில் அதை ஒப்புக்கொண்டார்.

நாட்டுக்குழைத்த நல்லவர்

1921இல் தாயகம் திரும்பிய சாகா, 1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1927இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு கிட்டவில்லை. அதற்காக அவர் ஓய்ந்திருக்கவில்லை. வெப்பவியல் பற்றி அவர் சிறீவாத்சவாவுடன் எழுதிய பாடநூல் இந்திய மாணவர் பல தலைமுறையினர்க்குத் துணையாக இருந்தது.

ஆற்று வெள்ளத்தின் கொடுமையை இளமையிலேயே கண்டவர் அவர். 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தபோது, அணைகளால் அதைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை எழுத்தாலும் குழுப் பணியாலும் வலியுறுத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் ஆய்வகம் 1950இல் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயராலேயே விளங்குகிறது. 1952இல் மக்களவைக்குத் தேர்வானார். பெருந்தொழில் பெருகினால்தான் வறுமை நீங்கும் என்பதில் உறுதியாக நின்றார். அதன் பொருட்டு நேருவுடனும் காந்தியக் கொள்கையினருடனும் கருத்து மாறுபடவும் அவர் தயங்கவில்லை. நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழு வகுத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்தபோது அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், புதுதில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அகவை அறுபத்திரண்டு.

நமக்கும் அவருக்கும்

சாகா வங்காளத்தவர்தாமே, அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அவர் விளக்கம் தந்த அந்தக் கால்சிய ஒளியிலேதான் நம் கோடைக்கானல் வானாய்வுக்கூடம் 1904 முதல் கதிரவனைப் படம் பிடித்து வந்தது. நம் மாவட்டத்துக்கு அண்மையில், சவ்வாது மலைக் காவலூரில், வைணு பாப்பு நிறுவிய தொலைநோக்கிகள் இரவுதோறும் விண்மீன்களின் ஒளியைப் பகுத்துப் பதிவு செய்கின்றன. அந்த நிறமாலைகளைப் படித்துப் பொருள் காண்பதற்குச் சாகாவின் சமன்பாடு இன்றும் வேண்டும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. தகப்பனாரின் கடையில் அவர் உட்கார்ந்திருந்தால் அக்கடை ஓரளவு செழித்திருக்கக்கூடும். அதைத் தடுத்தவை ஓர் அண்ணனின் ஐந்து ரூபாயும் ஒரு மருத்துவரின் திண்ணையும் ஆகும். இவ்வளவு சிறிய உதவியில்தான் இவ்வளவு பெரிய வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. நண்பர்களே, நம் வகுப்பில் கட்டணம் கட்ட இயலாமல் பாதியில் நிற்கப்போகும் ஒருவன் இருக்கலாம். நம் ஊரில் தம்பி ஒருவன் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படலாம். அவனுக்காக அவன் வீட்டுப் பெரியவர்களிடம் சென்று ஒரு மணி நேரம் பேசுவது நம்மால் ஆகாததா? எனக்காகவும் ஒருவர் அவ்வாறு வந்து பேசியதால்தான் இக்கல்லூரியில் நான் இருக்கிறேன்.

வங்க மொழியில் சாகா என்பது ஒரு குடும்பப் பெயர். தமிழில் அதற்கு வேறு பொருள் உண்டு. பெயர் இட்டவர்கள் தமிழறியார். ஆயினும் பெயர் பொருந்திவிட்டது. வானில் விண்மீன்கள் ஒளிரும் வரை, அவற்றின் ஒளியைப் படிக்க மாணவர்கள் இருக்கும் வரை, சாகா சாகாதவரே.